ஊசி ஆறில் நின்றது

சங்ககிரி
4.1.2025

தங்கச்சி சுபஸ்ரீக்கு பெலிக்ஸ் எழுதுவது.

கவரின் பின்பக்கம் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் நீ பிரித்திருக்க மாட்டாய். பதினோரு முறை போன் செய்தேன். இப்போது உன் நம்பருக்கு அடித்தால் மணியே போவதில்லை. உன் கொழுந்தன் தருமனுக்கு அடித்தேன், எடுத்தான். என் குரலைக் கேட்டதும், "குப்பத்துப் பக்கம் வந்தேன்னு வை, அண்ணன் போன எடத்துலயே உன்னியும் எறக்கிடுவேன்"னு சொல்லி வைத்துவிட்டான். அவன் கோபத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவனை அலை உருட்டியதைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து பார்த்தவன் அவன்.

துளசிங்கத்தின் சாவுக்கு நான் வந்தேன், அது உனக்குத் தெரியாது. பழவேற்காட்டுப் பாலத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர்க் கூட்டத்தில் முடிவாகிவிட்டதாம். நான் போட்டில் வைத்த லாரி எஞ்சின்தான் உன் புருஷனைக் கொன்றது, இனி நான் குப்பத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று. மீஞ்சூர்ப் பட்டறைக்கும் ஒருவரும் வரவில்லை. ரோஸ்மேரியையும் பிள்ளைகளையும் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, இங்கே சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். வேலை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, தூக்கம்தான் இல்லை.

உன்னிடம் கேட்பது இரண்டு விஷயம். அந்த எஞ்சினை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், அன்றைக்கு விடியலில் என்ன நடந்தது என்று எனக்கு எழுது. போட் கிளம்பும்போது நீதான் எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்து வைப்பாய். தேய்ந்த எஞ்சின்தான், ஒத்துக்கொள்கிறேன். லாரியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. ஆனால் நான் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிப் பூட்டிப் போட்டில் இறக்கினேன், இரண்டு வருஷம் ஓடியது. அப்படிப்பட்டது ஒரே நொடியில் இறுகிப் பூட்டிக்கொண்டு நின்றுவிடாது.

எனக்காகக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய். எனக்காகவும்தான். ஆனால் அதே மாதிரி லாரி எஞ்சினை உங்கள் குப்பத்தில் இன்னும் ஐந்து போட்டில் வைத்திருக்கிறேன். காரணம் தெரியாமல் அவை கடலில் இறங்கக் கூடாது.

பெலிக்ஸ்


பழவேற்காடு
11.1.2025

மெக்கானிக் பெலிக்ஸுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். ஐந்து போட் என்று எழுதியிருந்ததால் போடவில்லை. போன் செய்யாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் பக்கத்தில் அவர் சிரிக்கிற சத்தமும் கேட்கும், என்னால் முடியாது. எழுத்தென்றால் சத்தம் இல்லை.

கேட்டீர்கள், சொல்கிறேன். டிசம்பர் 18, புதன்கிழமை. வாடைக்காற்று. விடிவதற்கு முன் அவரும் தருமனும் இன்னும் இரண்டு பேரும் ஏறினார்கள். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. நான் தண்ணீரில் நின்று எட்டி மீட்டரைப் பார்த்தேன். ஊசி ஆறில் நின்றது. நோட்டில் ஆறு என்றுதான் எழுதியிருக்கிறேன். எஞ்சின் வைத்த அன்றைக்கு நீங்கள் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "ஊசி மேல இருந்தா எஞ்சின் நல்லா கீதுன்னு அர்த்தம் தங்கச்சி, கீழ வந்தா எனக்குப் போன் போடு." மேலேதான் இருந்தது. இதுவரை அவ்வளவு மேலே நான் பார்த்ததே இல்லை. அவர் மீட்டர் கண்ணாடியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

ஏரிக்குள் மெதுவாகத்தான் போயிருக்கிறார்கள். ஊர்க் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும். பாடு வலை கட்டியிருக்கிற இடத்தில் எஞ்சின் போட் வேகமாகப் போனால் அபராதம், பத்து நாள் தொழிலுக்கும் போகக் கூடாது. அவர் ஒரு நாளும் அதை மீறியதில்லை. முக்கால் மணி நேரம் ஊர்ந்து முகத்துவாரம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே இரண்டு அலைக்கு நடுவே இடைவெளி பார்த்து முழுசாக ஆக்சிலேட்டர் கொடுத்திருக்கிறார். நாலைந்து தட்டல் கேட்டதாம், சுத்தியலால் அடிப்பதுபோல. அப்புறம் எஞ்சின் நின்றுவிட்டது. போட் அலைக்குக் குறுக்கே திரும்பியது. அடுத்த அலை புரட்டியது. மூன்று பேர் நீந்தி வந்தார்கள். அவரை இரண்டாம் நாள் வடக்குக் கரையில் எடுத்தோம்.

இவ்வளவுதான் நடந்தது. எஞ்சின் எங்கள் கொட்டகையில் கிடக்கிறது. இரும்புக் கடைக்குப் போட மாட்டேன், பயப்படாதீர்கள்.

என் மாமியாரைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் விளக்கு வைக்கும்போது உங்கள் பெயரைச் சொல்லித்தான் சபிக்கிறார்கள். "எம்புள்ளைய முழுங்கின அந்த பெலிக்ஸ் வூட்ல வெளக்கு எரியக் கூடாது." நான் தடுப்பதில்லை. தடுக்க எனக்கு மனசும் இல்லை.

சுபஸ்ரீ


சங்ககிரி
16.1.2025

தங்கச்சி சுபஸ்ரீக்கு,

செல்வம்மாள் அம்மா சபிக்கட்டும். அவர்கள் கையால் எத்தனை நாள் மீன் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் சபிக்கிறார்கள்.

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

லாரி எஞ்சினில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன அடைப்பு இருக்கும். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கும். எண்பது டிகிரி வந்த பிறகுதான் திறக்கும். அதனால்தான் லாரி கிளம்பிக் கால் மணி நேரத்துக்குள் எஞ்சின் பதமான சூட்டுக்கு வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் எண்ணெயும் அந்தச் சூட்டுக்கென்றே செய்தது. குளிரில் இறுகும், சூட்டில் இளகும். டப்பாவில் 15-40 என்று இரண்டு எண் போட்டிருப்பதே அதற்காகத்தான். குளிர்ந்த நேரத்தில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது முதல் எண், சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பது இரண்டாவது.

போட்டில் நான் அந்த அடைப்பைக் கழற்றிவிட்டேன். உப்புத் தண்ணீர் நேராக எஞ்சினுக்குள் சுற்றுவதால் அது ஆறே மாதத்தில் உப்புப் பூத்து இறுகிவிடும். நடுக்கடலில் எஞ்சின் கொதித்துவிடும் என்று பயந்தேன். கொதிப்பதைப் பற்றி மட்டுமே யோசித்தவன், குளிர்வதைப் பற்றி யோசிக்கவில்லை. மார்கழி ஏரித் தண்ணீர் உள்ளே சுற்ற, முக்கால் மணி நேரம் ஊர்ந்து போனால் அந்த எஞ்சின் சூடே ஆகியிருக்காது. சூடேறாத எஞ்சினை முகத்துவாரத்தில் முழு வேகத்துக்கு விரட்டுகிறோம். உங்கள் ஊர்க் கட்டுப்பாடு எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆனாலும் இரண்டு மார்கழி அப்படியே ஓடியதே. அதுதான் எனக்கு இடிக்கிறது. நீ எழுதிய ஆறும் இடிக்கிறது. அந்த எஞ்சின் விடியலில் நாலரைக்கு மேல் காட்டியதே இல்லை. சூடாகித் திரும்பி வரும்போது ஒன்றரை காட்டும். தேய்ந்த எஞ்சினுக்கு அது போதும், அதனால் ஒன்றும் ஆகாது. நவம்பரில் நீ போன் செய்து, ஊசி விழுகிறது, அவர் பயப்படுகிறார் என்றாய். அப்போது லாரிக்கு அடியில் படுத்திருந்தேன், கையெல்லாம் கிரீஸ். "கிறிஸ்துமஸ் கழிச்சு வந்து பாக்குறேம்மா"ன்னு வைத்துவிட்டேன். சூட்டில் ஊசி இறங்குவது சகஜம், பயப்பட வேண்டாம் என்று இரண்டு நிமிஷம் விளக்கியிருக்கலாம். அதை நினைக்காத நாள் இல்லை.

இப்போது சொல். அக்டோபரில் நான் எண்ணெய் மாற்றிய பிறகு வேறு யாராவது எண்ணெயில் கை வைத்தார்களா? எண்ணெய் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை எடுத்துப் பேப்பரில் துடைத்து, அந்தப் பேப்பரை அனுப்ப முடியுமா?

பெலிக்ஸ்


பழவேற்காடு
22.1.2025

பெலிக்ஸ் அண்ணனுக்கு,

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் புகுந்து மோர் மாதிரி வருகிறது. பேப்பரில் துடைத்து அனுப்பினாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

எண்ணெயில் கை வைத்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ திருட்டைப் பற்றி விசாரிப்பதுபோல இருக்கிறது. நீங்கள் வரவில்லை, நாங்கள் பார்த்துக்கொண்டோம். சொல்கிறேன் கேளுங்கள்.

நவம்பர் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஊசி ஒன்றரைக்கு வந்துவிட்டது, பேரிங் போகப்போகிறது, நடுக்கடலில் நின்றால் யார் கயிறு கட்டி இழுப்பார்கள் என்று ஒரே பேச்சு. என் தம்பி வினோத் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், உங்களுக்குத் தெரியும். அவனிடம் சொன்னேன். "இதுக்கா அழுவுறே? பழைய லாரிக்கெல்லாம் நாங்க கியர் ஆயில் கலந்து ஊத்துவோம்க்கா, நூத்தி நாப்பது நம்பரு. கெட்டியா இருக்கும், ஊசி ஏறிடும்"னான். டிசம்பர் 17 சாயங்காலம் போட் வந்ததும் பாதி எண்ணெயை இறக்கினோம். கெட்டி எண்ணெயை நான்தான் ஊற்றினேன். அவர் கையில் தூண்டில் முள் ஏறியிருந்தது, புனலைப் பிடிக்க முடியவில்லை.

எஞ்சின் இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஊசி ஒன்றரையிலிருந்து மூன்றுக்கு ஏறியது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "உன் கை ராசி இன்னாடி இது, பெலிக்ஸு வேலைய நீயே செஞ்சிட்டே"ன்னார். அன்றைக்குத்தான் ஒரு மாதத்துக்கு அப்புறம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார், படுத்ததும் தூங்கினார். கடைசி நாளாவது அந்த மனுஷர் பயமில்லாமல் இருந்தாரே என்பது ஒன்றுதான் எனக்கு இருக்கிற ஆறுதல். அதையும் கேள்வி கேட்டு எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஐந்து போட்டைப் பற்றியும் கவலை வேண்டாம். அவர் போனதிலிருந்து ஊரே ஊசியைப் பார்த்துப் பயந்து கிடந்தது. பெரிய போட் எதுவும் இறங்கவில்லை, முகத்துவார மண்ணை வெட்டவும் நாள் ஆனது. நான் சும்மா இருக்கவில்லை. இன்னொருத்தி என்னை மாதிரி உட்காரக் கூடாது என்று, வினோத்திடம் சொல்லி ஐந்துக்கும் அதே எண்ணெயை வரவழைத்து, நின்று ஊற்ற வைத்தேன். ஐந்திலும் ஊசி நட்டுக்கொண்டு நிற்கிறது. 29ஆம் தேதி தை அமாவாசை. மறுநாள் வியாழக்கிழமை விடியலில் ஐந்தும் இறங்குகின்றன. ஒன்றைத் தருமன் ஓட்டுகிறார்.

நீங்கள் செய்ய வேண்டியதை நான் செய்திருக்கிறேன்.

சுபஸ்ரீ


சங்ககிரி
26.1.2025

தங்கச்சி,

தபாலை நம்பாமல் இதைத் தேவதாஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். காட்டுப்பள்ளிக்கு லோடு கொண்டு வருகிற டிரைவர், நல்ல மனுஷன்.

படித்ததும் ஒரு காரியம் செய். ஐந்து போட்டின் எண்ணெயையும் முழுக்க இறக்கச் சொல். ஒரு சொட்டு உள்ளே இருக்கக் கூடாது. புதிதாக 15-40 மட்டும் ஊற்றச் சொல், வேறு எதையும் கலக்க வேண்டாம். போட் கிளம்பும் முன் கரையிலேயே எஞ்சினை ஓடவிட வேண்டும். மூடியில் கை வைத்தால் சுட வேண்டும், அப்புறம்தான் கட்டவிழ்க்கலாம். காரணம் கேட்டால், பெலிக்ஸ் போட்ட எண்ணெய் பில்டர் மட்டமானது, அதனால் எண்ணெய் கெட்டிருக்கும் என்று சொல். என்னைத் திட்டிக்கொண்டே செய்வார்கள், செய்தால் போதும்.

தருமனுக்கு நேற்று ஒன்பது முறை அடித்தேன். வினோத்துக்கும் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

துளசிங்கம் விஷயத்தில் தப்பு என்னுடையது. அடைப்பைக் கழற்றியவன் நான். கூப்பிட்டபோது வராதவன் நான். வேறு யாரும் எதுவும் செய்துவிடவில்லை. இந்த வரியை இரண்டு முறை படி. ஊரில் யார் கேட்டாலும் இதையே சொல்.

29 சாயங்காலத்துக்குள் தேவதாஸுக்கு நீ தகவல் சொல்லாவிட்டால் நானே பஸ் ஏறிவிடுவேன். தருமன் என்ன செய்தாலும் செய்யட்டும்.

பெலிக்ஸ்


பழவேற்காடு
31.1.2025

அண்ணா,

உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பில்டர் மட்டம் என்றால் பில்டரை மாற்றச் சொல்லியிருப்பீர்கள். நீங்கள் எண்ணெயை மட்டும் இறக்கச் சொன்னீர்கள். அதிலும் ஒரு வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னீர்கள். நான் ஐந்தாறு முறை படித்தேன்.

தேவதாஸ் அண்ணன் தண்ணீர் குடிக்க உட்கார்ந்திருந்தார். அவருக்கு நம் கதை எதுவும் தெரியாது. சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், எஞ்சினில் நூற்று நாற்பது ஊற்றினால் ஊசி ஏறுமா என்று. "ஏறும்மா, ஏன் ஏறாது? ஊசி காட்டுறது எண்ணெ ஓடுறத இல்ல, முட்டுற அழுத்தத்த. கெட்டி எண்ணெ வாசல்லயே முட்டிக்கினு நிக்கும், ஊசி மேல போவும், பேரிங்குக்கு ஒண்ணும் போய்ச் சேராது. லாரின்னா கொஞ்ச தூரத்துல சூடாயி எளகிடும். குளுந்த எஞ்சின்ல அத ஊத்தி முறுக்குனா அப்பவே பூட்டிக்கும்"னார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

மீந்திருந்த கெட்டி எண்ணெயையும் நீங்கள் அக்டோபரில் விட்டுப்போன டப்பா எண்ணெயையும் இரண்டு டம்ளரில் ஊற்றி வாசலில் பனியில் வைத்தேன். விடியலில் இரண்டையும் சாய்த்தேன். உங்களுடையது உடனே ஓடி வந்தது. என்னுடையது யோசித்து யோசித்து நகர்ந்தது. ஒரு விரல் தூரம் நகர்வதற்குள் நான் அன்றைக்கு விடியலில் இருந்து அவரைக் கரையில் எடுத்த இரண்டாம் நாள்வரை எல்லாவற்றையும் நினைத்துவிட்டேன்.

வெயில் ஏறினால் எண்ணெய் இளகிவிடும், அப்புறம் நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். டம்ளர்களோடு அப்போதே தலைவர் வேதாசலம் வீட்டுக்கு ஓடினேன். கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசுகிற வழக்கமில்லை, தெரியும். ஒருவரும் என்னை நிறுத்தவில்லை, புருஷன் செத்தவள் என்று விட்டார்கள். இரண்டு டம்ளரையும் சிமெண்டுத் தரையில் சாய்த்துக் காட்டினேன். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். "துளசிங்கம் எஞ்சின்ல இந்தக் கெட்டி எண்ணெய ஊத்துனது யாரு?"ன்னு தலைவர் கேட்டார். நான்தான் என்றேன். எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

தருமன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விட்டார். ஆனால் நேராகத் தன் போட்டுக்குத்தான் போனார், எண்ணெயை இறக்க. அதன் பிறகுதான் தேவதாஸ் அண்ணனுக்குத் தகவல் சொன்னேன், நீங்கள் பஸ் ஏற வேண்டாம் என்று.

நேற்று விடியலில் ஐந்தும் இறங்கின. கரையிலேயே ஓடவிட்டு, மூடியில் கை வைத்துப் பார்த்துத்தான் கட்டவிழ்த்தார்கள். நான் போகவில்லை, கொட்டகையில் நின்று கேட்டேன். முகத்துவாரத்தில் ஒவ்வொன்றாக முறுக்குகிற சத்தம் காற்றில் வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்தாவதும் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சத்தம் சன்னமானது. அவருடையதும் அப்படித்தான் தாண்டியிருக்கும் அண்ணா. ஊசியைப் பார்த்து அவர் பயந்தபடியே விட்டிருந்தால், இன்றைக்கும் பயந்துகொண்டே உயிரோடு இருந்திருப்பார்.

ஊர்த் தடை நீங்கிவிட்டது. நீங்கள் வரலாம். வந்தால் அந்த ஐந்துக்கும் அடைப்பைத் திரும்ப மாட்டுங்கள். உப்புப் பூத்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளட்டும். ஊசியைப் பற்றி எல்லோருக்கும் முழுசாகச் சொல்லிக் கொடுங்கள். என்னிடம் சொன்னதுபோல ஒரு வரியில் சொல்லாதீர்கள். கொட்டகையில் இருக்கிற எஞ்சினை மட்டும் திறக்க வேண்டாம். திறந்தால் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று அது சொல்லிவிடும். உங்கள் பங்கு கொஞ்சம் என்று தெரிந்தால் என்னால் தாங்க முடியாது.

வினோத்திடம் இன்னும் சொல்லவில்லை. யார் சொல்வது என்றும் தெரியவில்லை.

அத்தை நேற்றும் விளக்கு வைத்தார்கள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. யார் பெயரையும் சொல்லவில்லை. விளக்கை வைத்துவிட்டு, ஒரு தட்டில் மட்டும் சோறு போட்டுக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சுபஸ்ரீ